நள்ளிரவு விழிப்பும் அதன் இரண்டு காரணங்களும்

படுத்தால் தூக்கமே வருவதில்லை என்று சொல்பவர்களின் துன்பம் வீட்டில் உள்ளவர்களுக்கு எளிதில் புரிந்துவிடுகிறது. படுத்த சற்று நேரத்திலேயே அயர்ந்து தூங்கிவிட்டு, பிறகு பொழுது விடியும்வரை விழிப்பதும் மீண்டும் கண்ணயர்வதுமாக இரவைக் கழிப்பவர்களின் துன்பம் அப்படிப் புரிவதில்லை. "படுத்ததும் தூங்கிவிடுகிறாயே, உனக்கென்ன குறை?" என்றுதான் கேட்பார்கள். நான் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவள். ஐம்பது வயதை நெருங்கியதிலிருந்து பத்து மணிக்குப் படுத்தால் பன்னிரண்டு மணிக்கு ஒரு விழிப்பு, குளியலறைக்குப் போய்வந்து படுத்தால் இரண்டு மணிக்கு இன்னொன்று, மூன்று மணியளவில் வரும் விழிப்புக்குப் பிறகு தூக்கம் திரும்புவது அரிது என்ற நிலை ஏற்பட்டது. காலையில் எழும்போது வாய் உலர்ந்திருக்கும், பின்மண்டை கனக்கும். மதிய உணவுக்குப் பிந்தைய வகுப்பில் கரும்பலகை முன் நின்றுகொண்டிருக்கும்போதே கண் சொக்கும்.

சுற்றியிருந்த எல்லோரும் சொன்ன விளக்கம் ஒன்றே ஒன்றுதான்: மெனோபாஸ். மாதவிடாய் நிற்கும் காலத்தில் இரவில் குப்பென்று அனல் பரவி வியர்த்து விழிப்பு வருவது உண்மை என்பதால், அந்த விளக்கத்தை மறுக்கவும் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல் எல்லாக் கேள்விகளையும் மூடிவிடுகிறது என்பதே என் வருத்தம். என் விழிப்பைத் தொடங்கிவைத்த காரணம் ஒன்று, அதை ஆண்டுக்கணக்கில் நீடிக்கச் செய்த காரணம் வேறொன்று. அவ்விரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்த்து, தனித்தனியே மருத்துவம் செய்த பிறகுதான் என் இரவுகள் சீரடைந்தன. என் வயதுப் பெண்களும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரவில் விழிப்பது என்பதே நோய் அன்று. தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சுற்றுச் சுற்றாக அமைகிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மூளை விழிப்பின் விளிம்புவரை வந்து திரும்புகிறது. நல்ல உடல்நிலை உள்ளவர்களும் இரவில் பலமுறை சில நொடிகள் விழித்துப் புரண்டு படுக்கிறார்கள். உடனே தூங்கிவிடுவதால் காலையில் அவர்களுக்கு அது நினைவிருப்பதில்லை. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் மிகுதி. பிற்பகுதியில், இமைகளுக்குள் கண்மணிகள் வேகமாக அசையும் கனவுத் தூக்கம் மிகுதி. இந்தக் கனவுத் தூக்கத்தை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் உலகுக்கு எடுத்துக் காட்டினார்கள்.

மூன்று மணிக்கு மட்டும் ஏன் விழிப்பு இவ்வளவு முழுமையாக வருகிறது என்பதற்கு, 1982இல் அலெக்சாண்டர் போர்பேலி என்ற ஆய்வாளர் முன்வைத்த கருத்து எனக்கு நிறைவான விடையாகத் தோன்றுகிறது. தூக்கத்தை இரண்டு விசைகள் நடத்துகின்றன என்கிறார் அவர். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உடலில் சேர்ந்துகொண்டே போகும் தூக்கத் தேவை. மற்றொன்று, பகலையும் இரவையும் கணக்கு வைத்திருக்கும் உள்கடிகாரம். ஐந்து மணி நேரம் தூங்கி முடித்த நிலையில் முதல் விசையின் பெரும்பகுதி தீர்ந்துபோயிருக்கும்; உள்கடிகாரத்தின் பிடி மட்டுமே நம்மைத் தூக்கத்தில் வைத்திருக்கும். அந்த நேரத்தில் நிறைந்த சிறுநீர்ப்பையோ, உடல் அனலோ, ஒரு கணம் தடைப்பட்ட மூச்சோ, மகளின் பிரசவத்தைப் பற்றிய கவலையோ எது தட்டினாலும் முழு விழிப்பு வந்துவிடும். மூன்று மணிக்கு விழித்தால் நுரையீரல் கழிவை வெளியேற்றுகிறது என்றும், பிரபஞ்சம் நம்மை அழைக்கிறது என்றும் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்களை எனக்குத் தெரியும். அதிகாலையில் எழுந்து வழிபடுவது நல்ல பழக்கம்தான். அதற்கென்று நேரத்தோடு படுத்து எழுவது வேறு, உடல் ஏதோ ஒரு குறையால் நம்மை எழுப்பிவிடுவது வேறு.

இன்னொரு ஆறுதலும் அடிக்கடி சொல்லப்படுகிறது. மின்விளக்கு வருவதற்கு முன் ஐரோப்பியர்கள் முதல் தூக்கம், இரண்டாம் தூக்கம் என்று இரண்டு தவணையாகத் தூங்கினார்கள் என்பதற்கு ரோஜர் எகிர்ச் என்ற அமெரிக்க வரலாற்றாய்வாளர் பழைய ஆவணங்களிலிருந்து ஏராளமான சான்றுகளைத் திரட்டியிருக்கிறார். ஆனால் மின்சாரம் இல்லாமல் வாழும் தான்சானியாவின் ஹட்சா மக்கள் உள்ளிட்ட மூன்று சமூகங்களை ஆராய்ந்து ஜெரோம் சீகல் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில் அத்தகைய இருதவணைத் தூக்கம் காணப்படவில்லை. நள்ளிரவில் சிறிது நேரம் விழித்திருந்தும் மறுநாள் தெளிவாக இயங்குபவர்கள் முதல் செய்தியைக் கொண்டு மனம் ஆறலாம். காலையில் தலை கனத்து, பகலில் நின்றபடியே கண் சொக்குபவர்கள் அந்த ஆறுதலோடு நின்றுவிடக் கூடாது.

என் விஷயத்தில் உண்மையைக் கண்டுபிடித்தவள் என் மகள். ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காகத் திருச்சிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வயிறு பெருத்ததால் அவளுக்கும் இரவில் சரியான தூக்கம் இல்லை. துணைக்கு அவள் அறையிலேயே நானும் படுத்துக்கொண்டேன். ஒரு நாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்று, "அம்மா, நேத்து ராத்திரி நீ மூச்சே விடலம்மா. நான் எண்ணிப் பார்த்தேன், இருபது எண்ற வரைக்கும் ஒண்ணுமே இல்ல. அப்புறம் திடீர்னு தொண்டை அடைச்ச மாதிரி ஒரு சத்தம் போட்டுட்டுப் புரண்டு படுத்தே" என்றாள். "கனவு ஏதாவது கண்டிருப்பேன்டி" என்றேன். அன்றிரவு அவள் தன் கைபேசியில் அந்த ஒலியைப் பதிவுசெய்து மறுநாள் என்னைக் கேட்கவைத்தாள். மெல்லிய குறட்டை, பிறகு மின்விசிறியின் ஓசை மட்டும், பிறகு நீரில் மூழ்கியவர் மேலே வந்து காற்றை இழுப்பது போன்ற ஓர் ஓசை. இந்த மூன்றும் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. கேட்டதும் என் கணவர் மறுபேச்சுப் பேசாமல் நுரையீரல் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டார்.

மருத்துவர் முதலில் என்னிடம் நிறையக் கேள்விகள் கேட்டார். இரவில் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போலிருக்கிறதா, காலை அசைத்தால்தான் நிம்மதியா, காலையில் தலைவலி உண்டா, இரத்த அழுத்தம் எப்போதிலிருந்து ஏறியது, வீட்டில் யாருக்காவது குறட்டை உண்டா என்றெல்லாம் விசாரித்தார். தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை, இரத்தத்தில் இரும்புச் சத்தின் இருப்பு ஆகியவற்றுக்குப் பரிசோதனை எழுதிக்கொடுத்தார். பிறகு வீட்டிலேயே ஓர் இரவு முழுவதும் பொருத்திக்கொண்டு படுக்கும் தூக்கப் பரிசோதனைக் கருவியைக் கொடுத்தார். விரல் நுனியில் ஆக்சிஜன் அளக்கும் கவ்வி, மூக்கின் கீழ் மெல்லிய குழாய், மார்பைச் சுற்றி ஒரு பட்டை. இவ்வளவையும் கட்டிக்கொண்டு எப்படித் தூங்குவது என்று தோன்றினாலும், ஓரளவு தூங்கினாலே கணக்கு கிடைத்துவிடுகிறது.

முடிவில் தெரிந்தது ஸ்லீப் ஆப்னியா என்னும் தூக்க மூச்சுத்தடை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் இயல்பு. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சு செல்லும் வழியே ஒட்டிக்கொள்கிறது. குறைந்தது 10 நொடி மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. என்னுடையது நடுத்தரம். ஒவ்வொரு தடையின் முடிவிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்க, மூளை பதறி ஒரு கணம் விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. அந்த விழிப்புகளில் மிகச் சிலவே நம் நினைவில் நிற்கின்றன. நான் எண்ணி வைத்திருந்த மூன்று நான்கு விழிப்புகளுக்குப் பின்னால், நான் அறியாத எத்தனையோ விழிப்புகள் அந்தத் தாளில் கோடுகோடாக இருந்தன.

மருத்துவர் சொன்னவற்றில் என்னை மிகவும் சிந்திக்கவைத்தது சிறுநீர் பற்றிய விளக்கம்தான். சிறுநீர் முட்டியதால்தான் விழிக்கிறேன் என்று நினைத்து, மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டிருந்தேன். அடைபட்ட தொண்டைக்கு எதிராக மார்பு காற்றை இழுக்க முயலும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் அறை விரிகிறது. உடலில் நீர் மிகுந்துவிட்டது என்று இதயம் பொருள்கொண்டு, சிறுநீரகத்தை நீரை வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. அதனால் இரவில் சிறுநீர் உண்மையிலேயே அதிகமாக உற்பத்தியாகிறது. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து குளியலறைக்குப் போகிறவர்கள் சர்க்கரையையும், ஆண்களானால் புராஸ்டேட் சுரப்பியையும் பார்ப்பதோடு மூச்சையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மெனோபாஸ் என்ற விளக்கத்துக்கும் இதில் இடம் இருந்தது. மூச்சைத் தூண்டிவிடும் தன்மை கொண்ட புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அந்தக் காலத்தில் குறைந்துவிடுவதால், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மூச்சுத்தடை வரும் வாய்ப்பு கூடுகிறது. பருத்த உடலோடு பெரிய குறட்டை விடும் ஆணின் நோய் என்றே இதைப் பலரும் மனத்தில் வரைந்துவைத்திருக்கிறார்கள். பெண்களுக்குக் குறட்டை மெலிதாக இருக்கும். களைப்பு, தலைவலி, மனச்சோர்வு, அடிக்கடி விழிப்பு என்றுதான் அவர்கள் சொல்வார்கள். தடைகளும் கனவுத் தூக்கம் மிகுந்த பின்னிரவில் கூடுதலாக வரும். இதனால் எத்தனையோ பெண்களுக்கு மூச்சுப் பரிசோதனைக்குப் பதிலாகச் சத்து மாத்திரையும் மன அமைதிக்கான அறிவுரையும் கிடைக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

எனக்கு சிபாப் கருவியைப் பரிந்துரைத்தார்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் 1981இல் அறிமுகப்படுத்திய முறை அது. மூக்கில் பொருத்திய முகமூடி வழியாகச் சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால், அந்தக் காற்றே தொண்டைக்கு உள்ளிருந்து முட்டுக்கொடுத்து வழி மூடாமல் பார்த்துக்கொள்கிறது. தொடக்கத்தில் வார் கன்னத்தில் பதிந்து தடம் விழுந்தது. முகமூடியின் அளவை மாற்றிய பிறகுதான் மூக்கின் ஓரத்தில் காற்று கசிவது நின்றது. பழகியபின் குளியலறைப் பயணங்கள் கிட்டத்தட்ட நின்றுபோயின. காலைத் தலைவலியும் போயிற்று. இரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் பிறகு குறைத்தார்கள்.

ஆனால் மூன்று மணி விழிப்பு மட்டும் போகவில்லை. கருவியின் பதிவில் மூச்சு சீராக இருந்தது, ஆக்சிஜன் குறையவில்லை. அப்படியும் அதே நேரத்தில் கண் திறந்தது, மனம் பளிச்சென்று விழித்துக்கொண்டது. இத்தனை செலவும் வீணா என்று என் கணவர் கவலைப்பட்டார். மருத்துவர் இதை எதிர்பார்த்திருந்தார் போலும். தூக்கமின்மைக்கான உளவியல் பயிற்சி தரும் ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார். மூச்சுத்தடையும் தூக்கமின்மையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அடிக்கடி காணப்படுவது என்றும், ஒன்றைத் தீர்த்தால் மற்றது தானாகத் தீர்ந்துவிடும் என்று எண்ணக் கூடாது என்றும் அந்த ஆலோசகர் விளக்கினார்.

ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் நாள்பட்ட தூக்கமின்மையை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டியவர். ஒருவருக்கு இயல்பிலேயே இருக்கும் நாட்டம், தூக்கத்தை முதலில் கெடுத்த நிகழ்வு, அந்த நிகழ்வு போன பின்னும் தூக்கமின்மையைப் பிடித்துவைத்திருக்கும் பழக்கங்கள் என்பவை அந்த மூன்று. இந்த மூன்றாம் அடுக்கில் வருபவை எல்லாம், தூங்காத ஒருவர் இழந்த தூக்கத்தை மீட்பதற்காக நல்லெண்ணத்தோடு செய்யும் காரியங்களே. இரவில் தூக்கம் கெடுகிறதே என்று ஒன்பது மணிக்கே படுப்பது, ஞாயிறன்று எட்டு மணிவரை படுக்கையில் கிடப்பது, விழித்தவுடன் மணி பார்த்து "இன்னும் இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது" என்று கணக்கிடுவது, கண்ணை இறுக மூடிக்கொண்டு எப்படியாவது தூங்கிவிட முயல்வது ஆகியவற்றைச் செய்யாத தூக்கமற்றவர் யாரும் இருக்க மாட்டார். நாளடைவில் படுக்கை என்றாலே விழித்துக் கிடந்து கவலைப்படும் இடம் என்று மூளை பழகிவிடுகிறது. தூங்க வேண்டும் என்ற முயற்சியே உடலை விழிப்பில் நிறுத்துகிறது.

ஆலோசகர் கொடுத்த மருத்துவத்தில் முதன்மையானது, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. ஸ்பீல்மனும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட முறை இது. ஒருவர் உண்மையில் தூங்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் மட்டுமே படுக்கையில் இருக்க வேண்டும். பொதுவாக ஐந்து மணி நேரத்துக்குக் கீழே போக மாட்டார்கள். நான் ஒன்பது மணி நேரம் படுக்கையில் இருந்து ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்கிக்கொண்டிருந்தேன். அந்தத் தூக்கத்தை அவ்வளவு நேரத்துக்குப் பரப்பினால், மாவு போதாமல் கல் முழுவதும் இழுத்து ஊற்றிய தோசைபோல ஆங்காங்கே ஓட்டை விழத்தான் செய்யும். எனவே இரவு பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, எப்படித் தூங்கியிருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் கண்ணயரக் கூடாது என்று விதித்தார். படுக்கையில் இருக்கும் நேரத்தில் 85 முதல் 90 விழுக்காடு தூக்கமாக அமைந்த பிறகே கால் மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விதி, ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்தது. விழித்து ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். கண் கனத்த பிறகே திரும்ப வேண்டும். அந்த இருபது நிமிடத்தையும் மணி பார்த்து அளக்கக் கூடாது, உத்தேசமாக உணர்ந்தால் போதும். எங்கள் படுக்கையறைக் கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் மாட்டினோம்; கைபேசியையும் அங்கேயே வைத்தோம். நான் எழுந்துபோய் மங்கலான விளக்கில் மறுநாளைக்கு அவரைக்காய் உரித்துவைப்பேன், அல்லது துவைத்த துணிகளை மடித்துவைப்பேன். பேரன் பிறந்து மகள் ஐந்தாம் மாதம் புகுந்தவீட்டுக்குப் போன பிறகுதான் இதையெல்லாம் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இந்தப் பயிற்சி நடக்காது.

முதல் சில வாரங்கள் மிகவும் கடினமாக இருந்தன. பத்தரை மணிக்கெல்லாம் தலை சாயும். விழித்திருக்க மொட்டைமாடியில் நடப்பேன். ஆனால் பகலெல்லாம் சேர்ந்த தூக்கத் தேவை முழுவதும் அந்தக் குறுகிய நேரத்துக்குள் இறங்க வேண்டியிருந்ததால், தூக்கம் மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. மூன்று மணி விழிப்பு முதலில் நான்கு மணிக்கு நகர்ந்தது, பிறகு விழித்தாலும் புரண்டு படுத்தவுடன் தூங்கும் அளவுக்குச் சுருங்கியது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இத்தகைய உளவியல் பயிற்சியே, மாத்திரை அன்று என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இலேயே வழிகாட்டியிருக்கிறது. நம் ஊரிலோ இதைத் தெரிந்தவர்கள் குறைவு. பக்கத்து வீட்டு அம்மா அன்போடு என்னிடம், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் அல்பிரசோலம் மாத்திரை அட்டையை நீட்டினார். மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரை தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, மூளை விழித்துக் காப்பாற்றுவதையும் தாமதப்படுத்தும். வயதானவர்கள் இரவில் தடுமாறி விழவும் காரணமாகும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது.

தூக்க நேரத்தைக் குறைக்கும் பயிற்சியையும் எல்லோரும் தாமாகத் தொடங்கிவிடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனை மனநோய் உள்ளவர்கள், பேருந்தோ லாரியோ ஓட்டுபவர்கள், உயரத்தில் வேலை செய்பவர்கள் ஆகியோருக்கு அது ஆபத்தாக முடியலாம். மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்காமல் பயிற்சியை மட்டும் செய்வதும் சரியன்று. மாலைக் காபியைப் பற்றியும் ஒரு வரி: காபியில் உள்ள கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் அளவில் ஆகிறது, நான் ஐந்து மணிக் காபியை இரண்டரை மணிக்கு மாற்றிக்கொண்டேன்.

என் கதையைக் கேட்டு மதுரையில் இருக்கும் என் அக்காவும் பரிசோதனைக்குப் போனாள். அவளுக்கும் இரவெல்லாம் விழிப்புதான். என்னுடையதைப் போன்றதே என்று நாங்கள் இருவரும் உறுதியாக நம்பினோம். மூச்சில் எந்தக் குறையும் இல்லை. இரவில் கால் குடைச்சலும் ஊறலும் இருப்பதை அவள் மருத்துவரிடம் சொன்ன பிறகு ஃபெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பைப் பார்த்தார்கள். அது மிகவும் குறைந்திருந்தது; கால் ஊறலுக்கும் விழிப்புக்கும் அதுதான் காரணம் என்றார்கள். ஹீமோகுளோபின் சரியாகவே இருந்ததால் இதுவரை யாரும் அதைத் தேடவில்லை. இப்போது இரும்பு மாத்திரை சாப்பிடுகிறாள். காபி, டீ, பால் ஆகியவற்றோடு விழுங்கினால் இரும்புச் சத்து உடலில் சரியாக ஏறாது என்பதால், காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு முதல் காபிக்காக ஒரு மணி நேரம் காத்திருக்கிறாள். சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும் என்றும், அதன் பிறகு மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.